பகலில் கத்தும் தவளை

சூளகிரி தாண்டி ஓசூர் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த பாரூர் விவசாயி, கம்பெனி சட்டை போட்டிருந்த தன் மச்சினனிடம் மெதுவாகச் சொன்னார்: "மச்சான், அந்தத் தவளை நான்தான்."

"எந்தத் தவளை, மாமா?"

"பெங்களூர்ல இருந்து தவளை, பாம்பு ஆராய்ச்சி சங்கத்துக்காரங்க வந்தாங்கல்ல. வாய்க்கா ஓரத்துப் புங்கமரத்துல சத்தம் பதிவு பண்ற மெஷினைக் கட்டிட்டுப் போனாங்க. தெனம் மதியம் ஒரு தவளை கத்துதாம். இதுவரைக்கும் யாருமே கேக்காத கொரலாம்."

"அதுக்கு?"

"மதியம் சாப்ட்டுட்டு நான் அந்த மரத்தடியிலதான் படுக்கறேன்."

மச்சினன் அவர் பக்கம் திரும்பினார். "கொறட்டையா?"

"ஊர்ல போட்டுக் காட்டுனாங்க. உங்க அக்கா கேட்டதுமே கண்டுபிடிச்சுட்டா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? தவளைக்குக் காவல்காரர்னு எனக்குச் சால்வை போத்திட்டாங்க. குட்டு வெளிப்பட்டுடுமோங்கற பயத்துல ஒரு வாரமா மதியத்துல கண்ணே மூடல. மெஷின்லயும் சத்தம் வரல. அந்த இனமே அழிஞ்சு போச்சான்னு சங்கத்து மேடம் போன்ல அழுவுது."

"அதான் டாக்டர்கிட்டப் போறமே."

"ராத்திரி நல்லாத் தூங்கறேன். மதியத்துக்கு மட்டும் எதுக்குத் தூக்க மாத்திரைன்னு அவர் கேட்டா?"

"ஒரு இனத்தைக் காப்பாத்தணும்னு சொல்லுங்க, மாமா."

சொன்னவர் சிரிக்கவில்லை. கேட்டவரும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.