மூன்று பட்டை, ஒரு நெஞ்சு

என்னை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தெட்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் மருத்துவச் சாதனக் கடை வைத்திருக்கிறேன். அதன் மாடியிலேயே குடியிருக்கிறேன். போன மாதம் இந்தக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த மோசடிப் புகார் தவறு. பழுது சரக்கில் இல்லை, என் இதயத்தில் இருந்தது.

சைக்கிளில் தெர்மாமீட்டர் விற்று மேலே வந்தவன் நான். எனக்குப் போட்டுப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் விற்றதில்லை. நெஞ்சில் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு, இதயத் துடிப்பைக் கைபேசிக்கு அனுப்பும் வளையும் பட்டைகள் நானூறு வந்து இறங்கின. வழக்கம்போல மூன்று பெட்டிகளைப் பிரித்து, நாளுக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டேன். துடிப்பு நடுவில் நான்கு நொடி நின்றதாகக் காட்டி மூன்றுமே அலறின. அந்த நாட்களில் தலை கிறுகிறுத்ததைப் பித்தம் என்று விட்டுவிட்டேன். மூன்றுக்கு மூன்றும் பழுது என்றால் மொத்தமும் குப்பை என்று முடிவு செய்து, அவற்றைத் தயாரித்த பொறியாளர் அம்மாவைப் போனில் கண்டபடி பேசினேன். அதன் பிறகு இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஆய்வாளர் ஐயா, நீங்கள் எங்கள் இருவரையும் விசாரணைக்கு அழைத்தீர்கள். என் மனைவியும் உடன் வந்தாள். நான் பேசி முடிக்கும்வரை பொறியாளர் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, மூணையும் யார் நெஞ்சுல ஒட்டினீங்க?" என்றார்.

என் நெஞ்சில்தான், வேறு யார் நெஞ்சை வாடகைக்கு எடுப்பேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்றுக்குப் புதுப் பசைத்தாள் மாற்றி, இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தரிடம் கேட்டுக்கொண்டு அவர் நெஞ்சில் ஒட்டினார். அரை மணி நேரம் கோடு ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து எனக்கு ஒட்டினார். பத்தாவது நிமிடம் அலறியது.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "நானூறு பெட்டிய சந்தேகப்பட்டீங்களே, உங்கள ஒரு தடவ சந்தேகப்பட்டீங்களா?" என்றாள்.

அதன் பிறகு பொறியாளர் தன் வண்டியிலேயே எங்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வாசலில் நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது, "முதல்ல சீட்டு வாங்குங்கண்ணே, மன்னிப்பு எங்கயும் ஓடிடாது" என்றார். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் படியேறும்போதே சரிந்திருப்பேன் என்றார் மருத்துவர். மறுநாள் தொடை இரத்தக்குழாய் வழியாக, இதயத்துக்குள் மாத்திரை அளவில் துடிப்பூட்டும் கருவி ஒன்றை வைத்தார்கள். எத்தனை வருடம் ஓடும் என்று கேட்டேன். பத்து என்றார் மருத்துவர். பேரம் பேசிப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு அவர் ஏறி வரவில்லை. நேற்று மாடிப்படி பதினெட்டையும் நிற்காமல் ஏறினேன். மனைவி கீழே நின்று எண்ணினாள்.

ஆகவே புகாரைத் திரும்பப் பெறுகிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் சொல்லவில்லை. எழுத்தர் படித்துக் காட்டினார். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. எனக்கும் பொறியாளருக்கும் இடையே முடிவானது: நானூறையும் முன்பு பேசிய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. பதிலுக்கு அவர் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைக்க வேண்டும்: "பட்டை அலறினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கடைக்காரரைப் பிறகு திட்டலாம்."

ஒப்பம்,
தராசு