பதினோராம் படி

தாமதமாக வந்த எங்களையும் தாங்கிக்கொண்டு தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, பறவையைவிடப் பறவையின் படத்தை அழகாக்கிய செயலாளர் அவர்களே, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் அச்சடித்துக் கொடுத்த அச்சகத்து அண்ணன் அவர்களே, தம் பள்ளிக்கு முந்நூறு பிரதி கேட்டிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, மூத்தோரே, வீட்டு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் மூன்றாம் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் என் நாத்தனாரே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கம்பி சுற்றுகிறவள். மிஞ்சிய செப்புக் கம்பியில் பூவும் பறவையும் செய்யப் பழகி, ஞாயிறுதோறும் இந்த மன்றத்தின் மாடி அறையில் வகுப்பு எடுக்கிறவள். ‘கம்பியக்கா’ என்பீர்கள். நான் எழுதிய ‘பத்தே படிகளில் கம்பிப் பறவை’ நூலின் இரண்டாம் பதிப்பு, இதோ இந்த மேசைமீது நாடா கட்டிக் காத்திருக்கிறது. நான் நாடாவைப் பிரித்து முதல் பிரதியை நீட்ட வேண்டும். என் நாத்தனார் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வலக்கண் போன பிறகும் வாடாமல் வாழ்கிறாள் என்று அவளுக்கு ஒரு கேடயம் தரப்படும். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

கைதட்டாதீர்கள், தயவுசெய்து. இன்னும் நான் எதுவுமே பேசவில்லை.

கேடயச் செய்தி வந்த அன்று, வீட்டில் வெங்காயம் உரித்தபடி என் நாத்தனார் என்ன கேட்டாள் தெரியுமா? “ஏன் அண்ணி, கேடயத்த அன்னைக்கே குடுத்திருந்தா கண்ணுக்கு முன்னால புடிச்சிருப்பேன்ல?” என்றாள். சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எளிது, எளிது என்கிறோமே, எது எளிது? முழங்கை நீளம் கம்பி எடுக்கிறோம். பென்சிலில் ஏழு சுற்றுச் சுற்றினால் வயிறு வந்துவிடுகிறது. ஒரு முனையைக் கிள்ளி மடித்தால் அலகு, மறு முனையை மூன்றாக மடக்கினால் வால். மிஞ்சியதை வெட்டிவிட்டால் பறவை. பார்த்தவர் எல்லாம் செய்யலாம், பழகாதவரும் செய்யலாம், பத்து நிமிடத்தில் செய்யலாம். அதனால்தான் நூலின் முதல் வரியிலேயே பெருமையாக எழுதினேன்: ‘இரண்டு கைகளும் ஒரு கட்டிங் பிளேயரும் போதும், வேறெதுவும் வேண்டாம்.’ அந்த வரியை எழுதிய கையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

என் நாத்தனார் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவள். கடைத்தெரு மூலையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் அவள். வலக்கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், எறும்பின் பல்லைக்கூட எண்ணிவிடுவாள். ஊர் கைவிட்ட கடிகாரமெல்லாம் அவளிடம் வந்து உயிர்பிழைத்துப் போகும். முதல் பதிப்பு வெளியான மறுவாரம், ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் என் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டிமேல் வைக்க ஒரு பறவை வேண்டுமாம். நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

“லென்சப் போட்டுக்கயேன்” என்று ஒரு வார்த்தை சொன்னேன்.

“நீங்கதான வேற எதுவும் வேண்டாம்னு எழுதியிருக்கீங்க” என்றாள்.

நானும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

பத்தாம் படி, ‘மிஞ்சிய கம்பியை வெட்டுக.’ வெட்டினாள். வெட்டிய துண்டு ஓர் அரிசி நீளம்கூட இருக்காது; அதுதான் அவள் வலக்கண்ணில் போய்த் தைத்தது. முறுக்கிய கம்பிக்குள் இறுக்கம் இருக்கும், ஐயா. வெட்டுப்பட்டதும் துண்டு தெறித்துப் பறக்கும். பட்டறையில் முதல் நாள் வேலைக்கு வருகிறவருக்கு நாங்கள் முதலில் சொல்வதே இதுதான்: துண்டாகப் போகும் முனையை இடக்கைக்குள் மூடிப் பிடி, முனை தரையைப் பார்க்கட்டும், பிறகு வெட்டு. கையை மூடாமல் வெட்டுகிறவரை எங்கள் மேஸ்திரி வேலையிலேயே வைத்துக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்ட பட்டறையிலிருந்து வந்த நான் எழுதிய நூலில் அந்த ஒரு படி இல்லை.

ஏன் இல்லை? மறந்துபோனேனா? இல்லை. அறியாமல் விட்டேனா? இல்லை. எழுதினேன், அவையோரே. கையால் எழுதிக் கொடுத்தேன். பதினொரு படிகள் எழுதிக் கொடுத்தேன்.

செயலாளர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘நேரம்’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, நேரத்தைப் பற்றி ஒரு கடிகாரக்காரியின் அண்ணிக்கு நினைவூட்ட வேண்டாம். ஒலிபெருக்கிக்காரத் தம்பி, நீங்களும் அந்தச் சுவிட்சிலிருந்து கையை எடுங்கள்.

படம் எடுத்த நாள் இதே மன்றத்தில், அந்தச் சன்னல் ஓரத்தில். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். வெட்டுவதற்கு முன் முனையை மூடிப் பிடிக்கும் படிக்கு என் கை கம்பியை மூடியிருந்தது. செயலாளர் கேமராவை இறக்கினார்.

“கை மறைக்குதுங்க. பறவையே தெரியல.”

“அப்படித்தாங்க வெட்டணும்” என்றேன்.

“சரிங்க, ஆனா படம் நல்லால்ல. இத எடுத்துட்டா பத்துப் படின்னு வரும். பதினொண்ணுன்னா கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. பத்துன்னா பாருங்க, எவ்வளவு அம்சமா இருக்கு.”

படம் போனது. படத்தோடு அதன் கீழிருந்த வரியும் போனது. அச்சகத்து அண்ணன் அச்சுக்கு முன் சரிபார்க்கும் தாள்களை அட்டையோடு கொண்டுவந்து, “எல்லாம் சரியாம்மா?” என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை. அட்டையில் என் பெயர் பளபளவென்று மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டே, “சரிங்கண்ணா” என்று கையெழுத்துப் போட்டேன். கம்பியை வளைக்கத் தெரிந்தவள், அன்று நானே வளைந்தேன். அழகுக்காக வளைந்தேன், அட்டைக்காக வளைந்தேன், பத்து என்ற ஓர் எண்ணுக்காக வளைந்தேன்.

அவள் கண் போய் எட்டு மாதம் ஆகிறது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் தொட்டு என் நாத்தனார் எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறாள்: “நான்தான் அவசரப்பட்டுட்டேன். அண்ணி ஒழுங்காத்தான் எழுதியிருந்தாங்க, நான்தான் சரியாப் படிக்கல.” அவள் இப்போது கடிகாரத்துக்கு வார் மாற்றுகிறாள், பேட்டரி போடுகிறாள். பல்சக்கரத்தைத் தொடுவதில்லை. யாராவது பழைய கடிகாரம் கொண்டுவந்தால் அடுத்த தெருக் கடையைக் கைகாட்டி அனுப்புகிறாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், எட்டு மாதமாக நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது வாய் திறந்தேனா? “விடும்மா, விதி” என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வெட்கங்கெட்ட வேலை.

இரண்டாம் பதிப்பிலாவது சேருங்கள் என்று மூன்று முறை இந்த மன்றத்தாரிடம் கேட்டேன். அட்டை அடித்தாகிவிட்டதாம். ஒரு வரி சேர்க்க இடமில்லை, ஆனால் கேடயம் செய்ய மனமிருக்கிறது. தலைமையாசிரியை அவர்களே, உங்களிடம் முந்நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அறுநூறு கண்கள். நாடாவை நான் பிரிக்க மாட்டேன். பதினோராம் படி ஏறாத நூலில் என் பெயர் இருக்கக் கூடாது. தலைவர் அவர்கள் என் பெயரை எடுப்பாரோ, வரியைச் சேர்ப்பாரோ, இந்த அவை பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இனி அவையிடம் அல்ல, மூன்றாம் நாற்காலியிடம் பேசுகிறேன். ஏம்மா, கேளு. நீ அவசரப்படல. ஒழுங்காத்தான் படிச்ச. பத்துப் படியையும் ஒண்ணுவிடாம, எழுதியிருந்தபடியே செஞ்ச. எழுதினதுதான் தப்பு. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நான். வீட்டுல சொல்ல எனக்குத் தைரியம் வரல. மைக்கு முன்னால நின்னாத்தான் வந்துது, அதுவும் எனக்கு அசிங்கம்தான்.

எழுந்துவிட்டாள். யாரும் அவள் கையைப் பிடிக்காதீர்கள். அந்தப் பக்கம் இருக்கிற நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள், வலப்பக்கம் அவளுக்குத் தெரியாது. கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள் ஐயா, அவளுக்கு அது வேண்டாம். நானும் பின்னால் போகப் போவதில்லை. அவள் கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

இடையில் நிறுத்தாமல் கேட்ட அவைக்கும், எழுந்து அவளுக்கு வழிவிட்ட தாய்மார்களுக்கும் நன்றி. வணக்கம்.