எர்மெஸின் சிவப்பு வண்டி

— இப்பல்லாம் எவன்யா வண்டியைப் பார்க்கிறான்? வந்தான், ஃபோனைத் தூக்கினான், படம் புடிச்சான், போயிட்டான். மூடியைத் திற, எஞ்சினைக் காட்டுன்னு கேட்க ஒரு பய இல்ல. உன் சிவப்புக் காரைக் கண்டா மட்டும் வாயைப் பொளந்துட்டு நிக்கிறானுங்க.

— உன் வெள்ளி வண்டியை எவனும் படம் புடிக்கலைன்னு உனக்கு வயித்தெரிச்சல், ஒரெஸ்தே.

— எனக்கென்ன வயித்தெரிச்சல்? ரெண்டுமே அடுத்தவன் ஓட்டித் தேய்ச்சதுதான். உன்னுது மொதெனா டவுன் பல் டாக்டர் கழிச்சுக் கட்டினது. என்னுது ஒரு வக்கீல் கழிச்சுக் கட்டினது.

— காபி எடுத்துக்குங்க, அண்ணே.

— வை, நிவேஸ். நீயே சொல்லு. உன் புருஷன் வண்டியில கடலுக்குப் போனீங்களே, பெட்டியை எங்க வச்ச?

— மடியிலதான்.

— கேட்டியா, எர்மெஸ்? என்னுதுல பின்னாடி ரெண்டு பேர் உட்காரலாம்.

— காலைக் கழட்டி வீட்ல வச்சிட்டு வந்தா உட்காரலாம்.

— சரிய்யா, பூனையாவது உட்காரும். டிக்கியில வைன் ஜாடி பெருசா ரெண்டு நிக்கும். கியர் தானா மாறும், இடது காலுக்கு வேலையே கிடையாது.

— அபெத்தோனே மலை ஏத்தத்துல?

— காபியில சர்க்கரை பத்தலையே, நிவேஸ்.

— பேச்சை மாத்தாத. ஏத்தத்துல?

— ஏத்தத்துல நீதான் முன்னாடி. போதுமா? வளைவுல என்னுது சினை மாடு மாதிரி சாயுது. உன்னுது தரையை நக்கிட்டுப் போகுது. நான் மூச்சு வாங்கி மேல வந்தா, நீ ஏற்கனவே காபிக்கடைக்காரிகிட்ட பல்லைக் காட்டிட்டு நிக்கிற. அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயித்துல புண்ணு வந்துடுச்சு.

— அப்ப மாத்திக்குவோம்.

— எதை?

— வண்டியை. சாவிக்குச் சாவி. மேல எதுவும் தர வேண்டாம்.

— நிவேஸ், இவன் காலையிலயே ஊத்திக்கிட்டானா?

— இல்லண்ணே, காபிதான்.

— அப்ப கிளட்ச் போயிருக்கும்.

— மிதிச்சுப் பாரேன்.

— கியர்பெட்டி. இல்லைன்னா எங்கயோ கொண்டுபோய் முட்டிட்டு மேல பெயின்ட் அடிச்சிருக்க.

— மூடியைத் திறந்து பாரு. அடியில படுத்துப் பாரு. யாரு தடுத்தா?

— பார்க்காம விடுவனா? நகரு. நிவேஸ், அந்த டார்ச்சை இப்படிக் குடும்மா... ம்... எண்ணெய்க் கசிவும் இல்ல, துருவும் இல்ல. என் வீட்டுச் சமையல்கட்டு இவ்வளவு சுத்தமா இருக்காது.

— அப்புறம் என்ன? இந்தா சாவி.

— அங்கதான் இடிக்குது. ஆறு வருஷமா என்னைக் கதவுப் பிடியைத் தொட விட்டதில்ல நீ. இன்னிக்குச் சும்மா தூக்கிக் குடுக்கிற. ஏன்?

— உன் டிக்கி பிடிச்சுப் போச்சு.

— புளுகாத! மாதா சிலையைத் தொட்டுச் சொன்னாலும் நம்ப மாட்டேன். இந்தச் சனியன்மேல எனக்கு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என் தலையில கட்டப் பார்க்கிற. கை குடு நிவேஸ், எழுந்திருக்க முடியல.

— அண்ணே, ஒரு நிமிஷம் நின்னு கேளுங்க...

— நிவேஸ், நீ பேசாம இரு.

— பார்த்தியா, அவ வாயையும் அடைக்கிறான்! என்னமோ இருக்குய்யா. என்னன்னு தெரியல, ஆனா இருக்கு. சாவியை நீயே வச்சுக்க. நான் வர்றேன். ஞாயித்துக்கிழமை ஏத்தத்துல பார்த்துக்கலாம்.

— போயிட்டானா, நிவேஸ்?

— போயிட்டார். கேட்டைத் தாண்டிக்கூட ரெண்டு தடவை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஏங்க, கண்ணு மங்கிடுச்சு, இனி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? இந்தக் கிளட்ச்சை மிதிக்க என் காலுக்குத் தெம்பில்ல. அவர் வண்டின்னா உங்களை உட்கார வச்சு நானே ஓட்டிடுவேனே. சொல்லியிருந்தா உடனே மாத்தியிருப்பார்.

— மாத்தியிருப்பான். ஆனா இந்த ஊர்ல என்னைப் பார்த்து வயிறெரியறவன் அவன் ஒருத்தன்தான், நிவேஸ். அவனும் பாவம்னு பார்க்க ஆரம்பிச்சா, அன்னிக்குத்தான் நான் நிஜமாவே குருடன்.