பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிப்பவள் என்று பேச்சில் தெரிந்தது.

“இத்தனை வருஷமா என் பேரே தப்புன்னு சொல்லிக்கினு இருந்துச்சுக்கா.”

“யாரு?”

“கம்ப்யூட்டர்தான். எழுத்துப்பிழை பாக்குதாம். இங்கிலீஷ்ல எல்லம்மாள்னு அடிச்சா கீழே சிவப்புக் கோடு போடும். அதுக்கப்புறம் போட்ட புது சாஃப்ட்வேர், கேக்காமலே பேரை மாத்திடும். ஒரு தபா என் பட்டா மனுவுல பெயிண்ட் பேரு மாதிரி ‘எனாமல்’னு போயிடுச்சு. ரெண்டு மாசம் அலைஞ்சேன்.”

“ஐயையோ! இப்போ?”

“இன்னிக்கு வேற புது சாஃப்ட்வேர் வந்திருக்குது. கோடே வரலை. நம்பாம, அழிச்சு அழிச்சு அடிச்சுப் பாத்தேன்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நாளைக்கு என் பேரையும் அடிச்சுப் பாரேன்மா.”