சாயங்காலம் பார்த்த கோடு

"ரெண்டாவது கோடு பொய்க் கோடாம், அக்கா. வயித்துல ஒண்ணுமே இல்லையாம்."

டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய இரண்டு தேயிலைத் தோட்டப் பெண்கள், பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். சொன்னவள் இளையவள்.

"எப்பிடிடி?"

"கர்ப்பம் பாக்குற குச்சிய காலையில நனைச்சு வச்சிட்டு, பேர் கூப்பிடுற நேரமாச்சுன்னு பெரட்டுக்கு ஓடிட்டேன். கொழுந்தெடுத்து வந்து சாயங்காலம்தான் பாத்தேன். அஞ்சு நிமிஷத்துலயே பாக்கணுமாம். காஞ்சு போனா தானா கோடு தெரியுமாம்."

"நேரம் தாண்டுனா எல்லாக் கோடும் அழிஞ்சு போற மாதிரி செஞ்சிருக்கக் கூடாதா?"

இளையவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "இத்தன நாளா என் கொழுந்து மூட்டையையும் நீங்கதானே சொமந்தீங்க. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மலைக்கு வருவேன்?"

கொட்டகலையில் இறங்கும்போது மூத்தவள் சொன்னாள்:

"நாளைக்கும் மூட்டைய நானே தூக்குறேன். லயத்து வீடுகள்ல யாருக்கும் தெரிய வேணாம்."