மாமான்னு சொன்னேன்

செருப்பக் கழட்டாதீங்க அண்ணி, ரொம்ப நேரம் ஆகாது. கழட்டிட்டீங்களா, சரி, அப்படி ஓரமா விடுங்க. மூணு மாடி ஏறினதுக்கே இப்படி மூச்சு வாங்குது. ரெண்டு வருஷமா இந்த முனிர்கா வீட்டுல இருக்கேன், இன்னிக்கித்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சிருக்கு. உங்க லக்ஷ்மிபாய் நகர்லேர்ந்து ஆட்டோல இருபது நிமிஷம். அந்தச் சேர்ல வேணாம், கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க.

படிச்சேன். நேத்து வாட்ஸப்ல அனுப்பினீங்கல்ல, அப்பவே படிச்சிட்டேன். ஆமா, ப்ளூ டிக் விழுந்துச்சு. ஆமா, பதில் போடல.

அந்த லெட்டர் உங்க வைத்தி சார் எழுதினதுதானே? மினிஸ்ட்ரில முப்பது வருஷம் ஃபைல் எழுதின கைன்னு தெரியுது. எங்க தமிழ்க் குடும்பங்கள்ல பொண்டாட்டி புருஷன மாமான்னு கூப்பிடுறது வழக்கம், ஹிந்தியில அதே வார்த்தைக்கு அம்மாவோட தம்பின்னு அர்த்தம், அதனால ஆபீசர் தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க, மத்தபடி இது நெஜமான கல்யாணம்தான். எல்லாம் சரியா எழுதியிருக்காரு. குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.

கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னேனா? படிச்சேன்னுதான சொன்னேன்.

தெரியும், நாளன்னிக்கி கடைசி நாள். எம்பஸி லெட்டர் என் பேருக்குத்தான் வந்துச்சு, எனக்குத் தெரியாதா? இந்த உறவு நெஜம்னு எங்களுக்கு நம்பிக்கை வரல, முப்பது நாள்ல விளக்கம் குடு, இல்லன்னா விசா இல்ல. நாலு வரி. நானே படிச்சிட்டேன், வைத்தி சார் தேவைப்படல.

கத்தாதீங்க அண்ணி. இந்தச் செவுரு அட்டை மாதிரி. பக்கத்து வீட்டு பிம்லா ஆன்ட்டிக்கு எல்லாம் கேக்கும். தமிழ் புரியாதுதான். கத்துறது புரியும்.

உங்க தம்பி கனடாவுல மைனஸ் இருபதுல வெல்டிங் பண்றாரு, தனியா பொங்கித் தின்றாரு, ஃபோன்ல அழுறாரு. உங்ககிட்ட அழுறாரு. எங்கிட்ட வேற மாதிரி பேசறாரு. ரெக்கார்டிங் இருக்கு, போடட்டுமா? வேணாமா. சரி.

நான் போயே ஆகணும்னு நீங்க ஏன் நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. அந்த ஏஜண்ட் ஆபீஸ்ல நானும்தான் உக்காந்திருந்தேன். அவன் விரல் விட்டுச் சொன்னான். ஒய்ஃப் போலாம். இருபத்திரெண்டு வயசு முடியாத, கல்யாணம் ஆகாத பசங்க போலாம். அவ்ளோதான். அம்மா கிடையாது, அக்கா கிடையாது, அக்கா பையன் கிடையாது. உடனே நீங்க பையிலேர்ந்து ரேஷன் கார்ட எடுத்தீங்க. உங்க கௌதமன் பேரு எங்க கார்டுலதான் இருக்கு, அப்ப அவனும் இந்தக் குடும்பம்தான்னு சண்டை புடிச்சீங்க. அந்த ஏஜண்ட் பையன், ஆன்ட்டி ஜி, இது கோதுமை வாங்குற கார்டுன்னான். ஆபீஸே சிரிச்சுது. நான் சிரிக்கல. இவ ஊமை, இவளுக்கு ஒண்ணும் புரியாதுன்னு அவன்கிட்டயும் சொன்னீங்க. ஹிந்தியில சொன்னீங்க. எனக்குப் புரியாதுன்னா?

இல்ல, கௌதமன் மேல எனக்கு என்ன கோவம்? நல்ல பையன். அவனுக்கு ஒரு வழி பண்ண நான் முதல்ல போய் அங்க உக்காரணும். மொதல்ல ஒய்ஃப், அப்பறம் அங்கயே தங்கிட பி.ஆர்., அப்பறம் ஒவ்வொருத்தரா. வீட்ல எல்லாரும் கணக்குப் போட்டீங்க. என்னை மட்டும் யாரும் கேக்கல.

கேட்டீங்களா? எப்போ?

நான் சொன்னேன் அண்ணி. மூணு தடவ. உங்க வீட்டு ஹால்ல, பொங்கல் அன்னிக்கி, எல்லாரும் இருக்கும்போது, நான் போகலன்னேன். நீங்க சாம்பார் ஊத்திட்டே, பனிக்குப் பயப்படுதுன்னீங்க. எங்கம்மாகிட்ட சொன்னேன். அம்மா அழுதுச்சு, வடபழனி முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்டி, கெடுத்துடாதன்னுச்சு. அவர்கிட்டயும் சொன்னேன். அவர் என்ன பண்ணாருன்னு உங்களுக்குத் தெரியும்.

தெரியும். தீபாவளி மத்தியானம் நானே ஃபோன் பண்ணேன்ல? இந்தா, இந்த விரல். இன்னும் முழுசா மடங்காது. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? அவன் கோவக்காரன், நீ ஏன் வாய் குடுக்குற. ஊமைன்னும் நீங்களே சொல்வீங்க, வாய் குடுக்காதன்னும் நீங்களே சொல்வீங்க.

அன்னிக்கி யாரு கதவத் தட்டினா? பிம்லா ஆன்ட்டி. கையில சப்பாத்திக் கட்டை. மாவு கூட காயல அதுல. ஏ மதராஸி, கதவத் தொற, இல்ல ஒடைப்பேன்னுச்சு. அவரு தொறந்தாரு. உங்க தம்பி அந்த அம்மாவுக்கு மட்டும் பயப்படுவாரு. என்னைக் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போய் அது கட்டில்ல உக்கார வச்சு, ஐஸ் வச்சு, டிவி போட்டு விட்டுச்சு. ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் அதேதான், இந்தச் செவுத்துல ரெண்டு தட்டு. அவர் கை எறங்கிடும்.

அந்த ஏஜண்ட்டு விரல் விட்டுச் சொன்னப்ப நான் அததான் யோசிச்சேன். ஒய்ஃப் போலாம், புள்ளைங்க போலாம். பக்கத்து வீட்டு அம்மா போலாமான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்ல. அவரு அனுப்பின வீட்டு ஃபோட்டோ பாத்தீங்கல்ல? தரைக்குக் கீழ ஒரு ரூம். பக்கத்துல தோட்டம், அதுக்கப்பறம் பனி, அதுக்கப்பறம்தான் அடுத்த வீடு. எங்க தட்டுவாங்க?

மாறிட்டாரா. இருக்கலாம். அவரு போயி நாலு மாசத்துல அவரு மாறிட்டாரோ இல்லையோ, நான் மாறிட்டேன். லிஃப்ட் இல்லாத பில்டிங், முன்னெல்லாம் படிக்கட்டுல யார் கால் சத்தம் கேட்டாலும் டிவிய அணைச்சிடுவேன். இப்ப அணைக்கிறதில்ல. கீழ கோச்சிங் சென்டர்ல ரிசப்ஷன் வேலை. வர்ற பிள்ளைங்களுக்கு நான்தான் ஃபார்ம் ஃபில் பண்ணித் தர்றேன்.

சரி, கையெழுத்து விஷயம். நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, காரணம் சொல்லாம அனுப்பக்கூடாது. பேனாவ மூடி வைங்க, மை காஞ்சிடும்.

வைத்தி சார் லெட்டர்ல எல்லாம் சரி, ஒரு வரி மட்டும் சரியில்ல. மூணாவது பாரா. பயத்துல, பதட்டத்துல, வாய் தவறிச் சொல்லிட்டேன்னு எழுதியிருக்காரு. அது பொய். நோட்டரி முன்னாடி போடுற கையெழுத்து, பொய்க்கு எப்படிப் போடுறது?

பதட்டமே இல்ல அண்ணி. எம்பஸி இன்டர்வியூல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்துல ஹிந்தியில மாத்திச் சொல்ல ஒரு பொண்ணு. உங்க தம்பி பேரச் சொல்லி, கதிரவன் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. மாமான்னேன். அது வரைக்கும் உங்க எல்லாருக்கும் தெரியும். ஏசி ரூம்ல புள்ள நடுங்கிட்டா, வழக்கத்துல கூப்பிடுறது வாயில வந்துருச்சுன்னு நீங்களே எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நல்லாத்தான் சொன்னீங்க.

ஆனா அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. உடனே எழுதல. என் மூஞ்சியப் பாத்து சிரிச்சுது. இன்னொரு தடவ, மெதுவா, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி கேட்டுச்சு. மாமான்னா, உங்க அம்மாவோட கூடப் பொறந்தவரா? இல்ல உங்க வீட்டுக்காரரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஜல்தி ஒண்ணும் இல்லன்னுச்சு.

நான் யோசிச்சேன். அம்மாவோட தம்பின்னேன்.