தம்பிக்கு மருந்து தராத அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, அக்காவின் குடும்பத்தாரே, அவர் கண்டறிந்த மருந்தை உடலில் ஏற்றிக்கொண்டு இன்று அவருக்காகவே எழுந்து வந்திருக்கும் நோயாளிகளே! வணங்கக் கை எழுகிறது. அக்காவுக்கு அஞ்சலி சொல்லத்தான் நிற்கிறேன்.

நான் அறுவை மருத்துவன். பெருங்குடலில் வளர்ந்த புற்றுக்கட்டியை வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து மாடியிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. அது ஏன் வளர்ந்தது என்று விசாரிப்பது எங்கள் ஆய்வகத் தலைவரின் வேலை. பட்டங்கள் எத்தனை இருந்தாலும் எல்லாருக்கும் அவர் 'அக்கா'தான். காலையில் போன் செய்து, "என்ன டாக்டரே, கசாப்புக்கடை திறந்தாச்சா?" என்பார். அந்தக் கேலியை இனி யார் செய்வார்கள்?

புற்றுச் செல்லுக்கு 'வளர், வளர்' என்று வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது. செல்லின் மேற்பரப்பில் அதை வாங்கும் இடத்தை அடைத்துவிட்டால் கட்டியின் வேகம் தளரும். அதற்கான மருந்தைத்தான் அக்கா அப்போது சோதித்துக்கொண்டிருந்தார். ஆனால் சிலருடைய கட்டியில், உள்ளே ஒரு மரபணு கெட்டுப்போய், யாரும் சொல்லாமலே 'வளர்' என்று கத்திக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அந்த மருந்து வீண். அவர்களைச் சோதனையில் சேர்ப்பதில்லை என்பது அக்கா வகுத்த விதி.

அந்த நேரத்தில்தான் அவருடைய தம்பிக்கே நோய் வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நான்தான் அறுவை செய்தேன். பரிசோதனை முடிவு வந்தது. கெட்டுப்போன அதே மரபணு!

தம்பியின் மனைவி ஆய்வக வாசலில் நின்று கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏன் அண்ணி, ஊருக்கெல்லாம் மருந்து, கூடப் பொறந்தவருக்கு மட்டும் இல்லையா?" அப்போதிருந்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கூட, "ஒருத்தர்தானே, சேர்த்துக்கோங்க. மனசுக்காவது ஆறுதலா இருக்கும்" என்றார்.

அக்கா சொன்னார்: "முகமெல்லாம் கொப்புளம் வரும், வயித்தால போகும், கட்டி அசையாது. ஆறுதலுக்கு நான் இருக்கேன், ஊசி எதுக்கு?"

தம்பிக்கு மட்டும் உடனே விளங்கியது. கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "விடுக்கா. ஆக்சிலேட்டர் கீழயே சிக்கிக்கிச்சுன்னா, மேல இருந்து காலை எடுத்து என்ன புண்ணியம்?"

அக்காவும் சிரித்தார். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் நான் இருந்தேன்.

பழைய மருந்துகளோடு தம்பி சில காலம் வாழ்ந்தார், பேருந்தும் ஓட்டினார். பிறகு போய்விட்டார். மனைவி அக்காவோடு பேச்சை நிறுத்தினார். விசேஷ வீட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அவ கோபம் நியாயம்தான். நான் கையை விரிச்சேனே" என்பார்.

கையை விரித்தவர் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்? இல்லை! சிக்கிக்கொண்ட அந்த மரபணுவையே பிடித்து நிறுத்தும் மருந்தைத் தேடினார். கிடைத்ததும் கட்டி அடங்கியது; ஆனால் சில வாரங்களில் செல் வேறு பாதையில் சமிக்ஞையைக் கொண்டுபோனது. நாங்கள் சோர்ந்தோம். அக்கா சோர்ந்தாரா? "திருடன் கொல்லைப்புறமா போறான்னு தெரிஞ்சுபோச்சு. இனி ரெண்டு பக்கமும் ஆள் போடுவோம்" என்றார். ஒருகாலத்தில் தம்பிக்கு மறுத்த மருந்தையும் புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். பலருக்குக் கட்டி மறையவில்லை, வளராமல் நின்றது. நின்றதே பெரிது என்பது, பேரன் பள்ளிக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் நோயாளிக்குத் தெரியும்.

செய்தி கேட்டு ஒருநாள் தம்பி மனைவி ஆய்வகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. "அவர் இருந்திருந்தா இந்த மருந்து கேட்டிருக்குமா அண்ணி?"

'கேட்டிருக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா சொன்னது இதுதான்: "கேட்டிருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது."

தம்பி மனைவி நெருங்கி வந்தார். பிறகு, "பொய் சொல்லவே வராதா உங்களுக்கு?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதோ, முன்வரிசையில் அழுதுகொண்டிருப்பவர் அவர்தான். அக்கா மூச்சடைத்து விழுந்த அன்று, மருத்துவமனைக்குத் தூக்கி வந்ததும் அவர்தான்.

நண்பர்களே! நாளை ஆய்வகத்தை மூடி துக்கம் கடைப்பிடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். நாளை காலை ஒரு தையற்கார அம்மா முதல்முறையாக மருந்தேற்ற வருகிறார். இந்த மருந்துக்கும் தப்பும் செல்கள் இருக்கின்றன. அவை போகும் பாதையை நாங்கள் தேடுவோம். அக்கா மேல் ஆணை! அந்த அம்மா பயந்துபோய், "குணமாயிடுமா?" என்று கேட்டால், ஆகிவிடும் என்று சொல்ல மாட்டோம். "தெரியாதும்மா. ஆனா பக்கத்துலயே இருப்போம்" என்று சொல்வோம்.